ஏகாம்பரத்தின் பிடி

மாவுக்கட்டைப் பிரிக்க அந்த ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன ரம்பம் வைத்திருந்தார்கள். பல் டாக்டர் அறையில் கேட்கிற மாதிரி சத்தம் போட்டது. "பயப்படாதீங்க, தோலை வெட்டாது" என்று கம்பவுண்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் பயப்படவில்லை. வெள்ளைப் பொடி பறந்து மூக்கில் ஏறியது. அந்த வாசனை எனக்குப் பழக்கம். பட்டறையில் அச்சு வார்க்க நானும் இதே மாவைத்தான் கரைக்கிறேன்.

கட்டு இரண்டு ஓடாகப் பிரிந்தது. உள்ளே கிடந்தது வேறு யாருடைய கையோ. வெளுத்து, மெலிந்து, தோல் செதில் செதிலாக உரிந்திருந்தது. மணிக்கட்டில் முன்பு இல்லாத ஒரு மேடு.

"மடக்குங்க" என்றார் டாக்டர்.

மடக்கினேன். அதாவது, மடக்கியதாக நினைத்துக்கொண்டேன். கை அப்படியே இருந்தது.

"போகப் போகச் சரியாகும். இடது கைதானேம்மா, சமாளிச்சுக்கலாம்."

பக்கத்தில் நின்றிருந்த என் கணவர் சேகர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "டாக்டர், அவங்க பானை செய்யறவங்க."

"அப்படியா! ஹாபியா?"

நான் மேஜையில் மல்லாந்து கிடந்த அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடது கை செய்கிற வேலை

சக்கரத்தில் உட்காராதவர்களுக்கு இது தெரிய நியாயமில்லை. மண்ணுருண்டையைச் சுழலும் தட்டின் நடுவில் அசையாமல் நிறுத்த வேண்டும். அது நிற்காவிட்டால் அதற்குப் பிறகு எதுவும் இல்லை. பானை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்விடும். அப்படி நிறுத்துவது, என்னைப் போல் பழகியவர்களுக்கு, இடது கைதான். முழங்கையைத் தொடையில் ஊன்றி, உள்ளங்கையின் அடிப்பகுதியால் மண்ணைத் தள்ளிப் பிடிக்க வேண்டும். முழு எடையும் மணிக்கட்டில் இறங்கும். வலது கை மேலே இருந்து அமுக்கும், அவ்வளவுதான்.

ஆகவே, பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "நல்லவேளை, இடது கை" என்று சொன்னபோது, நான் அவர்களுக்குக் காபி கொடுக்கச் சொன்னேன்.

சேலையூரில் எங்கள் வீட்டை ஒட்டி இருந்த தகரக் கொட்டகைதான் என் பட்டறை. 'ஸ்டூடியோ' என்று ஒரு பலகை எழுதி மாட்டியிருந்தேன். முதல் வாரத்திலேயே ஒருவர் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ உடனே கிடைக்குமா என்று கேட்டார். அடுத்தவர் கல்யாண ஆல்பம் பற்றி விசாரித்தார். பலகையைக் கழற்றி, அதன் மேல் காயாத கோப்பைகளை அடுக்க ஆரம்பித்தேன். உறுதியான பலகை.

சூளை கட்டியது தனிக் கதை. சேகர் வேலை பார்த்த திருமுடிவாக்கம் பட்டறையில் அதன் இரும்புக்கூட்டை வெல்டிங் செய்து, டெம்போவில் ஏற்றிக் கொண்டுவந்து, தெருவே வேடிக்கை பார்க்க இறக்கினோம். அது நல்ல காலம். வேலை தேடி வரத் தொடங்கியிருந்தது. நாவலூரில் புதிதாக எழும்பிய ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக் கட்டடத்தின் வரவேற்புக் கூடத்தில் வைக்க, ஆளுயர ஜாடிகள் கேட்டிருந்தார்கள். அவ்வளவு பெரியதை நான் அதற்கு முன் செய்ததில்லை. பகுதி பகுதியாகச் சக்கரத்தில் ஏற்றி ஒட்ட வேண்டும். முதல் ஜாடியின் அடிப்பாகம் முடிந்து, ஈரத்துணி சுற்றிக்கொண்டு நின்றது.

அப்போதுதான் விழுந்தேன்.

சாலையில் மணல்

விழுந்ததில் கதை ஒன்றும் இல்லை. மேடவாக்கம் பக்கம் சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஸ்கூட்டியின் முன்பக்கம் ஒரு மூட்டை களிமண். சாலையில் கொட்டிக் கிடந்த மணலில் சக்கரம் வழுக்கியது. இடது கையை ஊன்றினேன். மண்மூட்டை என்மேல் சாய்ந்தது. யாரும் இடிக்கவில்லை, திட்டக்கூட ஆள் இல்லை.

ஜாடி கேட்டவர்களின் ஆர்க்கிடெக்ட் ஒரு இளம்பெண். போனில் உண்மையாகவே வருத்தப்பட்டார். "மேடம், நான் வெயிட் பண்ணுவேன். ஆனா இனாகுரேஷன் டேட் ஃபிக்ஸ் ஆயிடுச்சு." ஜாடிக்குப் பதில் ஒரு கையால் தட்டித் தட்டிச் சுவருக்கான ஓடுகள் செய்து தரட்டுமா என்று கேட்டேன். "அங்க சுவர் எல்லாம் கண்ணாடி மேடம்" என்றார்.

பிறகொரு நாள் அந்த வழியாகப் போனபோது கண்ணாடிக்குள் பார்த்தேன். ஃபைபரில் செய்த ஜாடிகள் நின்றன. தூரத்திலிருந்து பார்க்க நன்றாகத்தான் இருந்தன.

சேகர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "நான் உன் இடது கையா இருக்கேன்" என்று சக்கரத்தின் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். மண்ணை அவர் தள்ள, நான் மேலே அமுக்க வேண்டும். "மெதுவா" என்றேன். "மெதுவாத்தான் தள்றேன்" என்றார். மண்ணுருண்டை தட்டிலிருந்து கிளம்பித் தகரச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவர் கையைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"விஜி, கை பழையபடி வரலைன்னா என்ன பண்ணுவே?"

"தெரியலை" என்றேன். ஈரத்துணிக்குள் இருந்த ஜாடியின் அடிப்பாகத்தை மறுநாள் தண்ணீர்த் தொட்டியில் போட்டுக் கரைத்துவிட்டேன்.

பந்துக்குப் பதில் மண்

மணிக்கட்டை அசைக்கக் கற்றுக்கொடுத்தவர் ஸ்டீபன். மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாடியில் சின்ன பிசியோதெரபி கிளினிக் வைத்திருந்தார். சாந்தமான முகத்தோடு மிகவும் வலிக்க வைப்பார். பிசைவதற்கு ஒரு ரப்பர் பந்து கொடுத்தார். பந்து எனக்கு ஒத்துவரவில்லை. எவ்வளவு அமுக்கினாலும் பழையபடி ஆகிவிடுகிறது. செய்ததற்கு ஒரு அடையாளமும் இல்லை.

வீட்டில் பந்தை வைத்துவிட்டு, தளர்வான களிமண்ணைப் பிடித்து அமுக்கினேன். விரல் பதிந்த பள்ளம் அப்படியே நின்றது. நேற்றைய உருண்டையையும் இன்றைய உருண்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த விரல் தேறுகிறது, எது சண்டித்தனம் செய்கிறது என்று தெரிந்தது. சில உருண்டைகளைக் கிளினிக்குக்கு எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். ஸ்டீபன் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா, ஒரு பேஷன்டை உங்க இடத்துக்கு அனுப்பட்டுமா? ஸ்ட்ரோக் வந்தவர். வலது கை. பந்தைக் குடுத்தா என் மேலேயே எறியறாரு."

"என் மேல மண்ணை எறிவாரே?"

"மண்ணு வலிக்காதில்ல?" என்றார். அவருக்கு மண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாது.

எனக்கு விருப்பமில்லை. என் கையே சரியில்லை, இன்னொருவர் கைக்கு நான் எப்படிப் பொறுப்பு? ஆனால் கொட்டகை காலியாகக் கிடந்தது. சக்கரத்தின் மேல் தூசி படிந்திருந்தது. சரி, வரட்டும் என்றேன்.

டிரைவர்

அனகாபுத்தூரிலிருந்து ஆட்டோவில் வந்தார்கள். ஏகாம்பரம் மாநகரப் பேருந்து டிரைவர். ஓய்வுக்கு இன்னும் சில வருடம் இருக்கும்போது, டெப்போவில் சட்டை பட்டன் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்திருக்கிறார். பேச்சு கொஞ்சம் இழுத்தாலும் திரும்பிவிட்டது. காலை இழுத்து இழுத்து நடந்தார். வலது கை மட்டும் நெஞ்சோடு மடங்கி, விரல்கள் உள்ளே சுருண்டு நின்றன. அவரைத் தாங்கிப் பிடித்து வந்த மனைவி சரோஜா, ஒரு தறிக்கூடத்தில் பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டுக் கூடவே இருந்தார்.

ஏகாம்பரம் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னா டீச்சர், இந்த வயசுல மண்ணுல வெளையாடச் சொல்றே?"

"நான் டீச்சர் இல்லைண்ணா. எனக்கும் கை சரியில்லை."

மணிக்கட்டைக் காட்டினேன். பார்த்தார். "எப்டி ஆச்சு?"

"வண்டியிலேர்ந்து விழுந்துட்டேன். மணல்ல சறுக்கிடுச்சு."

"முன் பிரேக் புச்சிருப்பே."

ஆமாம் என்று ஒப்புக்கொண்டேன். அதில் அவருக்கு ஒரு திருப்தி. உட்கார்ந்தார். அன்று முழுக்க மண்ணைத் தொடாமல், தாம்பரத்திலிருந்து பாரிமுனை வரைக்கும் எங்கெங்கே ஸ்கூட்டர்காரர்கள் குறுக்கே வந்து விழுவார்கள் என்று விவரமாகச் சொன்னார். "நான் ஓட்டுன வரைக்கும் ஒர்த்தன் மேல கூட ஏத்துனதில்ல. இப்போ என் மேல யாரோ ஏத்துன மாறி கீது."

வாரத்தில் சில காலை வந்தார்கள். அவர் இடது கையால் மண்ணை எடுத்து வலது உள்ளங்கையில் திணிப்பார். நான் எதிரில் உட்கார்ந்து என் மணிக்கட்டோடு மல்லுக்கட்டுவேன். பேச்செல்லாம் பஸ், கண்டக்டர்கள், வெயில் பற்றித்தான். சரோஜா வாசலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நேரம் மட்டும் யாரையும் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதுபோல் கையை மடியில் போட்டிருப்பார்.

ஒரு நாள் டீ வந்தபோது, சரோஜா டம்ளரை அவர் வாயருகே கொண்டுபோனார். ஏகாம்பரம் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"இடது கையால குடிக்கலாமேண்ணா" என்றேன்.

"அது ஊனிக்க வோணும் டீச்சர். அத்த எடுத்தா நானே சாஞ்சுடுவேன். பஸ்ஸு ஓட்டுன கை இது. இப்போ கொயந்தைக்கு ஊத்துற மாறி ஊத்துறா. அதான் பேஜாரா கீது."

கொட்டிய டீ

கோப்பைதானே, நான் செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவ்வளவு சுலபம் என்றுதான் நினைத்தேன்.

சக்கரத்தில் மீண்டும் உட்கார்ந்தது அதற்காகத்தான். ஜாடிக்கான மண் அல்ல. ஒரு கைப்பிடி மண். அவ்வளவைத்தான் என் மணிக்கட்டு தாங்கியது. அதுவும் சில முறை இழுத்துக்கொண்டு போனது. பிறகு ஒரு தடவை நடுவில் நின்றது. சுற்றுகிறதா, சும்மா இருக்கிறதா என்று தெரியாத அந்த நிலை. உள்ளங்கைக்குக் கீழே மண் அமைதியானது. நான் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். கோப்பை செய்யாமல் அந்த அமைதியோடு நிறுத்திவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

முதல் கோப்பைக்குப் பெரிய வளையமாகக் கைப்பிடி வைத்தேன். விரல் நுழைய நிறைய இடம் இருந்தது. ஆனால் சுருண்ட விரல்கள் வளையத்துக்குள் போக வேண்டுமானால் யாராவது ஒவ்வொன்றாக நிமிர்த்தி நுழைக்க வேண்டும். சரோஜா நுழைத்தார். ஏகாம்பரம் தூக்கினார். பாதி வழியில் மணிக்கட்டு கவிழ்ந்தது. நுழைந்த விரல்களை வெளியே எடுக்கவும் முடியவில்லை. டீ முழுவதும் மடியில்.

வேட்டியை உதறி, தண்ணீர் ஊற்றி, தொடை சிவந்ததைப் பார்த்து எண்ணெய் தடவினோம். கோப்பை இன்னும் அவர் விரலில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆட்டோவில் ஏறுமுன் சரோஜா என்னிடம் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னார்.

"அவரே நொந்து போயி கீறாரு. நீ வேற ஆசை காட்டாத மேடம்."

அதன் பிறகு அவர்கள் வரவில்லை. ஸ்டீபனிடம் கேட்டேன். கிளினிக்குக்கும் வருவதில்லை என்றார்.

அனகாபுத்தூரில்

சேகர் வேலைக்குப் போகிற வழிதான். ஒரு காலை அவருடைய பைக்கில் பின்னால் உட்கார்ந்து போய், அனகாபுத்தூரில் இறங்கிக்கொண்டேன். சந்துக்குள் சந்து. எதிரே சைக்கிள் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். எந்த வீட்டிலிருந்தோ தறிச் சத்தம் விடாமல் கேட்டது. கையில் ஒரு எவர்சில்வர் டப்பா, அதற்குள் ஈரத்துணியில் சுற்றிய மண்.

ஏகாம்பரம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். சரோஜா என்னைப் பார்த்துவிட்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"அண்ணா, தப்பு கோப்பை மேல. உங்க கை மேல இல்லை. உங்க கை எப்படிப் பிடிக்குதுன்னு பார்க்காமலே நான் பிடி வெச்சுட்டேன். இந்த மண்ணை ஒரு தடவை அமுக்கிக் குடுங்க. எடுத்துட்டுப் போயிடறேன்."

"வோணாம்."

"ஒரே தடவை."

"வோணாம்னு சொல்லிகினே கீறேன், வுடமாட்டியா நீ?"

"விடமாட்டேன்" என்றேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நான் அப்படிப் பேசுகிற ஆள் இல்லை.

அவர் திரும்பினார். இடது கையால் மண்ணைப் பிடுங்கினார். வலது கைக்குள் அடைத்து, முகம் சிவக்க, பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினார். கோபம் முழுவதும் அதில் இறங்கியது. நரம்பு புடைத்தது. "இந்தா! எட்துகினு போ!"

சரோஜா அவர் விரல்களை நிமிர்த்த, நான் மண்ணை மெதுவாக உருவி எடுத்தேன். டப்பாவில் வைத்து மூடினேன். தறிச் சத்தம் ஒரு நொடி நின்று, மறுபடி தொடங்கியது.

பிடி

பட்டறை மேஜையில் அதை வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ஆழமாகப் பதிந்திருந்தன; நினைத்ததைவிட வலுவாக. மற்ற இரண்டும் வெறுமனே தொட்டிருந்தன. கட்டைவிரல் இருந்த இடமே தெரியவில்லை. அந்தக் கைக்கு அமுக்கிப் பிடிக்கத் தெரியும். விரிந்து நுழையத்தான் தெரியாது.

அப்படியானால் மூடிய வளையமே கூடாது. மேலே மட்டும் கோப்பையோடு ஒட்டி, கீழே திறந்து தொங்குகிற பிடி வேண்டும். சுருண்ட கையைப் பக்கவாட்டில் தள்ளினால் அதுவே உள்ளே போய் உட்காரும். இழுத்தால் வெளியே வந்துவிடும். கீழே இறங்குகிற தண்டு உள்ளங்கையில் படிந்து, மணிக்கட்டு கவிழாமல் தாங்கும். விரல் கோப்பையின் சுவரைத் தொடாது. சுடுவதை உணராத விரல்களுக்கு அது முக்கியம். அவர் அமுக்கிக் கொடுத்த வடிவத்தையே அளவாக வைத்துச் செய்தேன்.

சூளையில் பிடி தொய்ந்துபோனது. அவ்வளவு சூட்டில் மண் கொஞ்சம் இளகும். ஒரு முனை அந்தரத்தில் நின்றால் தலை குனியத்தான் செய்யும். அடுத்த முறை கீழே மண்ணால் முட்டுக் கொடுத்தேன். முட்டு பிடியோடு சேர்ந்து ஒட்டிக்கொண்டது. அதற்கடுத்த முறை முட்டின் தலையில் ஒட்டாத வெள்ளைப் பூச்சு தடவி வைத்தேன். காலையில் சூளையைத் திறந்தபோது, பிடி நேராக நின்றது. சாம்பல் கலந்த பச்சை நிறம். அழகான கோப்பை என்று சொல்ல மாட்டேன். யானையின் காது மாதிரி ஒரு பிடி.

பிற்பாடு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஸ்டீபனின் கிளினிக்கிலிருந்து இன்னும் சிலர் வந்தார்கள். விரல் மூட்டு வீங்கிய ஒரு ஆசிரியை, கை நடுங்குகிற ஒரு தையல்காரர். ஒவ்வொருவரும் ஒரு உருண்டை மண்ணை அமுக்கிக் கொடுப்பார்கள். நான் அதைப் பார்த்துப் பிடி வைப்பேன். ஆளுயர ஜாடியை நான் அதன் பிறகு செய்யவே இல்லை. மணிக்கட்டு இன்றும் முழுதாக மடங்காது. மழை வரப்போவதை முந்தின நாளே வலித்து எனக்குச் சொல்லிவிடும். பெரிய பானை செய்கிறவளாக இருந்தேன். கோப்பை செய்கிறவளாக ஆனேன். இதில் எது மேல் என்று யாராவது கேட்டால், எனக்குச் சொல்லத் தெரியாது. இரண்டும் வேலைதான்.

அந்தக் காலை

கோப்பையை அனகாபுத்தூருக்கு எடுத்துப் போனேன். சரோஜா டீ போட்டார். கோப்பையில் பாதி ஊற்றி, ஏகாம்பரத்தின் முன்னால் முக்காலியில் வைத்தார். வைத்துவிட்டுக் கையை எடுக்காமல் பக்கத்திலேயே குனிந்து நின்றார்.

"தள்ளிக்கோ" என்றார் ஏகாம்பரம்.

வலது கையை இடது கையால் தள்ளிக் கொண்டுபோய்ப் பிடிக்குள் நுழைத்தார். பிறகு இடது கையை எடுத்து நாற்காலியில் ஊன்றிக்கொண்டார். கோப்பை எழும்பியது. ஆடியது. உதட்டில் பட்டது. உறிஞ்சும் சத்தம் கேட்டது.

திரும்ப முக்காலியில் வைத்தார். கொஞ்சம் சிந்தியது. கையைப் பின்னால் இழுத்தார். அது வெளியே வந்தது. என்னைப் பார்த்தார்.

"சக்கரை கம்மி" என்றார்.

நான் சிரித்தேன். சரோஜா சிரிக்கவில்லை. அவர் அடுக்களைக்குப் போய்த் தனக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக்கொண்டு வந்தார். கணவருக்கு எதிரே தரையில், சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்தார். டம்ளரை ஊதி ஒரு வாய் குடித்தார். உடனே வாயை எடுத்துவிட்டார்.

"இன்னா?" என்றார் ஏகாம்பரம்.

"ஒண்ணுமில்ல. நாக்கு சுட்டுகிச்சு" என்றார் சரோஜா. "சூடா குட்ச்சு எவ்ளோ நாளாச்சு. உனக்கு ஊத்தி முடிச்சு நான் எடுக்கறதுக்குள்ள ஆறிப் பூடும்."

பிறகு மறுபடி ஊதி, அவசரமில்லாமல், முழு டம்ளரையும் குடித்தார்.